குச்சிக்கிழங்குக் காட்டிலிருந்து தொடங்குங்கள்

கொல்லிமலையில் பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று மலையின் பல மூலைகளிலிருந்தும் வந்து உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறீர்கள். உங்களில் பலர் உங்கள் வீட்டிலிருந்து பிளஸ் ஒன் வகுப்புக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள். உயிரியல் பிரிவில் சேர்ந்த கொஞ்ச நாளில் செல் பற்றிய பாடம் வந்துவிடும். படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்வார்கள். உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, கோல்கை உறுப்பு, லைசோசோம், வாக்குவோல் என்று பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பணி. ஒப்பித்தால் மதிப்பெண் உண்டு. சவ்வூடு பரவல் பிறகு ஒரு நாள் வரும், ஹார்மோன் இன்னொரு நாள் வரும். ஒன்றுக்கொன்று உறவே இல்லாததுபோல எல்லாம் கடந்து போய்விடும்.

நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளில் இதே பாடத்தை நெடுங்காலம் நடத்திய உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தை உருப்போடும் முன் உங்கள் குச்சிக்கிழங்குக் காட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். செல் தனக்குள் எதை எதிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது? பிரித்து வைத்த தடுப்பை எது, எப்படிக் கடக்கிறது? இந்த இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டால் செல் பாடம் முழுவதும் ஒரே கதையாகிவிடும். அந்தக் கதையைச் சொல்ல, குச்சிக்கிழங்கு என்று உங்கள் மலையில் விளையும் மரவள்ளியைவிடப் பொருத்தமான பயிர் எனக்குத் தெரிந்து இல்லை.

சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி எப்படிப் பரவியது என்பதை உங்கள் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். கீழே சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் பெருகின. சாமையைக் குத்திப் புடைத்து அரிசியாக்கும் பாடு இல்லாமல், பிடுங்கிய கிழங்கை வண்டியில் ஏற்றினால் கையில் காசு வந்தது. அது நல்லதா கெட்டதா என்பது பெரிய விவாதம். இங்கே எனக்கு வேண்டியது வேறு ஒரு செய்தி. மரவள்ளி வந்த நாளிலிருந்து மலையிலும் அடிவாரத்திலும் ஒரு எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது: ஆட்டை அந்தக் காட்டுக்குள் விடாதே.

ஏன் விடக் கூடாது? இலையிலும் கிழங்கிலும் சயனைடு இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். கண்டிப்பாகச் சொன்னால் அது சரியில்லை. உயிரோடு நிற்கும் செடியில் சயனைடு அப்படியே கிடந்தால் முதலில் சாவது அந்தச் செடிதான். செடி வைத்திருப்பது லினமரின் என்ற ஒரு பொருள். சர்க்கரையோடு பிணைந்து, எந்தத் தீங்கும் செய்யாமல், செல்லின் வாக்குவோலுக்குள் கரைந்து கிடக்கிறது. அதை உடைக்கும் நொதியான லினமரேஸ் இருக்கும் இடம் செல் சுவர். இரண்டுக்கும் நடுவில் வாக்குவோலின் சவ்வு, சைட்டோபிளாசம், அதற்கு வெளியே பிளாஸ்மா சவ்வு. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க முடியாததால் இரண்டும் சந்திப்பதில்லை.

ஆடு வாய் வைத்து மெல்லும்போது செல்கள் நசுங்குகின்றன. சவ்வு கிழிகிறது. லினமரினும் லினமரேசும் ஒன்று சேர, சர்க்கரை கழன்று, மிச்சப் பொருள் உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. தன்னைத் தின்னும் பல்லே விஷத்தைத் தயாரிக்கும்படி செடி ஏற்பாடு செய்திருக்கிறது. வாக்குவோல் என்றால் 'நீர் சேமிக்கும் பை' என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்குகிறோமே, அந்தப் பையின் சவ்வு கிழிந்தால் ஓர் ஆடு சாகும் என்பதையும் சேர்த்துப் படித்தால் சவ்வு என்ற சொல்லுக்கு எடை வந்துவிடும்.

இனி ஆட்டின் பக்கம் வாருங்கள். சயனைடு இரத்தத்தில் கலந்து செல்களுக்குள் போய், மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதியின் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் கடைசியாகப் பயன்படும் இடம் அதுதான். அது அடைபட்டால் நுரையீரல் வேலை செய்யும், இதயம் துடிக்கும், ஆக்சிஜன் செல்லின் வாசல்வரை வந்தும் சேரும், செல்லால் மட்டும் அதை எடுத்துப் பயன்படுத்த முடியாது. அதனால்தான் சயனைடு விஷமேறிய ஆட்டின் சிரை இரத்தம்கூடக் கருஞ்சிவப்பாக இல்லாமல் பளிச்சென்று சிவந்திருக்கும். கொண்டுவந்த ஆக்சிஜனை யாரும் வாங்கிக்கொள்ளாமல் இரத்தம் அப்படியே திரும்பிப் போகிறது. மைட்டோகாண்ட்ரியா 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று எழுதும்போது இந்த நிறத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தோடு கொண்டுபோனால் கால்நடை மருத்துவர் இரண்டு ஊசி போடுவார். சோடியம் நைட்ரைட் முதலில். அது இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் ஒரு பகுதியின் இரும்பை மாற்றிவிடும். மாறிய இரும்புக்குச் சயனைடின் மேல் நாட்டம் அதிகம், எனவே சயனைடு மைட்டோகாண்ட்ரியாவை விட்டு இரத்தத்துக்கு வரும். பிறகு சோடியம் தயோசல்ஃபேட். அது கந்தகத்தைக் கொடுக்கும், கல்லீரல் அந்தக் கந்தகத்தைச் சயனைடோடு ஒட்டி தயோசயனேட்டாக மாற்றும், சிறுநீரில் போய்விடும். எந்த மருந்து முன்னே, எது பின்னே என்பதற்கான காரணம் முழுவதும் செல்லுக்குள்தான் இருக்கிறது.

மனிதர்கள் பயப்பட வேண்டாம். வீட்டுக்கென்று நடும் இனிப்பு இரகங்களில் லினமரின் குறைவு. தோலை உரித்து, சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. லினமரின் தண்ணீரில் கரையும். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரி செல்சியஸ் அளவிலேயே ஆவியாகிவிடும். உங்கள் அம்மாவோ பாட்டியோ அடுப்படியில் செய்வது, சவ்வைக் கிழித்து, நொதிக்கு வேலை கொடுத்து, விளைந்ததைத் தண்ணீரோடும் ஆவியோடும் வெளியேற்றும் ஒரு நல்ல வேதியியல் முறை. இந்தப் பக்குவம் தவறிய இடங்களில் என்ன நடக்கும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் காங்கோ சாட்சி. வறட்சியிலும் பஞ்சத்திலும் கசப்புக் கிழங்கை ஊறப்போட நேரமில்லாமல் தின்ற கிராமங்களில் கால்கள் விறைத்து முடமாகும் 'கொன்சோ' என்ற நோய் 1938இல் பதிவானது. அது பிள்ளைகளையும் பெண்களையும்தான் அதிகம் தாக்கியது.

சயனைடோடு கதை முடிந்துவிடவில்லை. கல்லீரல் மாற்றிய தயோசயனேட் பெரிய விஷமில்லை, ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. அளவிலும் மின்னூட்டத்திலும் அது அயோடைடு அயனியை ஒத்திருக்கும். நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் செல்களுக்கு அயோடின் வேண்டும். இரத்தத்தில் அது மிகக் குறைவு, செல்லுக்குள்ளோ அதிகம். குறைவான இடத்திலிருந்து அதிகமான இடத்துக்குத் தானாக எதுவும் போகாது. அதற்கென்று அந்தச் செல்லின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. இரண்டு சோடியம் அயனிகள் உள்ளே நுழையும்போது ஓர் அயோடைடை அது கூடவே இழுத்துக்கொண்டு வரும். இந்தப் புரதத்தின் மரபணு 1996இல் அமெரிக்காவில் நான்சி கராஸ்கோவின் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. தயோசயனேட் அதிகமாக இருந்தால், அயோடைடு உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும்.

சோடியம் ஏன் உள்ளே ஓடி வருகிறது? இங்கே கொஞ்சம் நின்று புரிந்துகொள்ளுங்கள், சவ்வுக் கடத்தலில் மிக முக்கியமான இடம் இதுதான். உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் மின்சாரம் செலவழித்துத் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. பிறகு தெருக்குழாயில் தண்ணீர் வர மின்சாரம் வேண்டாம், உயரமே தள்ளும். நம் உடம்பின் செல் சவ்வுகளில் அப்படி ஒரு மோட்டார் இருக்கிறது. ஏடிபி ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். டென்மார்க்கில் யென்ஸ் ஸ்கூ என்பவர் நண்டின் கால் நரம்பை வைத்து 1957இல் இதைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல் நோபல் பரிசு வந்தது. வெளியே குவிந்த சோடியம் உள்ளே இறங்கப் பார்க்கும். அந்த இறக்கத்தைப் பயன்படுத்தித்தான் தைராய்டு அயோடைடையும், நம் குடல் குளுக்கோஸையும் ஏற்றிக்கொள்கின்றன. செயல்மிகு கடத்தல், துணைக் கடத்தல் என்று பாடத்தில் தனித்தனியாக வருவதெல்லாம் இந்த ஒரு மோட்டாரின் விளைவு.

இப்போது அயோடின் உள்ளே போகவில்லை என்று வையுங்கள். தைராய்டு ஹார்மோன் குறையும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை உணர்ந்து, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அதிகமாக அனுப்பும். அந்த ஹார்மோன் தைராய்டு செல்லுக்குள் நுழையாது. சவ்வின் வெளிப்புறத்தில் இருக்கும் ஏற்பியோடு பொருந்திக்கொள்ளும், அவ்வளவுதான். உடனே சவ்வின் உட்புறம் ஒரு ஜி-புரதம் விழித்தெழும், அது ஒரு நொதியை முடுக்கும், நொதி ஏடிபியிலிருந்து சுழற்சி ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறைச் சரமாரியாக உண்டாக்கும். செய்தி கொண்டுவந்தவர் வாசலிலேயே நிற்க, உள்ளே செய்தி மட்டும் பரவுகிறது. 'இன்னும் அயோடின் எடு, இன்னும் வளர்' என்பது அந்தச் செய்தி. எடுக்க அயோடின் இல்லை, வளர மட்டும் முடியும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அந்தக் கட்டளை ஓயாமல் வர, சுரப்பி பெருத்துக் கழுத்தில் வீக்கமாகத் தெரிகிறது. முன்கழுத்துக் கழலை என்று நாம் சொல்வது இதைத்தான்.

மரவள்ளி தின்றால் கழலை வரும் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மண்ணிலும் உணவிலும் அயோடின் குறைவாக இருந்து, சரியாகப் பக்குவம் செய்யாத மரவள்ளியே நாள்தோறும் முக்கிய உணவாகவும் இருக்கும்போதுதான் இரண்டும் சேர்ந்து கெடுதல் செய்யும். மத்திய ஆப்பிரிக்காவில் அப்படித்தான் நடந்தது. மழை மண்ணை அரித்துக்கொண்டு போகும் மலைப்பகுதிகளில் அயோடின் குறைவாக இருப்பது உலகெங்கும் தெரிந்த செய்தி. இமயத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956இல் தொடங்கி அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். கழலை குறைந்தது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. இன்று உங்கள் வீட்டு உப்புப் பொட்டலத்தில் 'அயோடின் கலந்தது' என்று அச்சிட்டிருக்கிறதே, அதன் பின்னே இவ்வளவு இருக்கிறது. கல்லுப்பு வாங்கும் வீடுகளில் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் பாருங்கள். வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு ஹார்மோன் வேண்டும்.

அந்தச் சுழற்சி ஏஎம்பியை மறந்துவிடாதீர்கள். காலரா கிருமி நம்மைக் கொல்வதும் அதைப் பயன்படுத்தித்தான். 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் தே என்ற மருத்துவர், கிருமியை வடிகட்டி நீக்கிய நீர்மமே முயலின் குடலில் நீரைப் பெருக்குகிறது என்று காட்டினார். கிருமி வெளியிடும் நச்சுதான் காரணம் என்பது அன்று உறுதியானது. அந்த நச்சு குடல் செல்லின் ஜி-புரதத்தை அணையாதபடி பூட்டிவிடுகிறது என்பது பிறகு தெரிந்தது. சுழற்சி ஏஎம்பி பெருகும், குளோரைடு வாயில்கள் திறந்தபடி நிற்கும், குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே போகும். ஒரே நாளில் ஆள் வற்றிப்போவார்.

ஆனால் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே எடுக்கும் புரதத்தை அந்த நச்சு தொடுவதில்லை. அப்படி ஒரு கூட்டுக் கடத்தல் இருக்கிறது என்று 1960இல் இராபர்ட் கிரேன் சொல்லியிருந்தார். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வந்து குவிந்த போங்காவ் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் நிரப்பிக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த நோயில், அவருடைய கண்காணிப்பில் இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. சுழற்சி ஏஎம்பியைக் கண்டுபிடித்த எர்ல் சதர்லண்டுக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே 1971இல்தான். இரண்டு செய்தியையும் யாரும் சேர்த்துப் படிப்பதில்லை என்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம்.

விடுதியில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம் என்று இருக்கும். மூலக்கூறுகளின் எண்ணிக்கைக் கணக்கில் சோடியமும் குளுக்கோஸும் சரிசமமாக வரும்படி அமைத்த அளவு அது. கூடவே இருக்கும் சிட்ரேட் உப்பின் சோடியத்தையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும். வேதியியல் ஆசிரியரிடம் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். தெம்புக்கு என்று சர்க்கரையை அள்ளிப் போட்டால் கெடுதல். குடலுக்குள் செறிவு கூடி, சவ்வூடு பரவலால் தண்ணீர் இன்னும் வெளியே போகும்.

சவ்வூடு பரவல் என்றதும் முட்டைச் சோதனை நினைவுக்கு வரும். நாமக்கல் மாவட்டத்தில் முட்டைக்கா பஞ்சம்? முட்டையை வினிகரில் ஒரு நாள், இரண்டு நாள் போட்டு வைத்தால் ஓடு குமிழி விட்டுக் கரைந்து, உள்தோல் மட்டும் மிஞ்சும். தண்ணீரில் போட்டால் உப்பும், சர்க்கரைப் பாகில் போட்டால் சுருங்கும். அவசியம் செய்து பாருங்கள். ஆனால் அந்தத் தோலைச் செல் சவ்வு என்று குறிப்பேட்டில் எழுதாதீர்கள். அது புரத இழைகளால் பின்னிய வலை, சின்ன மூலக்கூறை விட்டுப் பெரியதைத் தடுக்கும், அதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. செல்லின் சவ்வு தேர்ந்தெடுக்கும், ஆற்றல் செலவழிக்கும், வெளியிலிருந்து வரும் செய்தியைக் கேட்டுத் தன் வாயில்களைத் திறக்கும், மூடும்.

அப்படித் திறக்கும் வாயில் ஒன்று உங்கள் நாக்கிலேயே இருக்கிறது. சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிடக்கும் கொடியிலிருந்து ஒரு மிளகைப் பறித்துக் கடியுங்கள். அதிலுள்ள பைப்பரின், நரம்பு முனையின் சவ்வில் டிஆர்பிவி1 என்ற வாயிலைத் திறக்கிறது. மிளகாயின் கேப்சைசினும் அதையே திறக்கும், 43 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் அதையே திறக்கும். கால்சியமும் சோடியமும் உள்ளே பாய, நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. மூன்றுக்கும் ஒரே வாயில் என்பதால் மூளைக்கு வித்தியாசம் தெரியாது. மிளகு ரசம் ஆறியிருந்தாலும் உடம்பு வேர்ப்பது அதனால்தான். 1997இல் இந்த வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளிடம் இந்த வாயில் கொஞ்சம் வேறு அமைப்பு, கேப்சைசின் அதைத் திறக்காது. அதனால் பறவை மிளகாய்ப் பழத்தைக் காரம் தெரியாமல் விழுங்கி விதையைப் பரப்புகிறது.

நீட் தேர்வுக்கு இதெல்லாம் வருமா என்று கேட்பீர்கள். பெயர்கள் வரும், காரணங்கள் அவ்வளவாக வராது. ஆனால் காரணம் தெரிந்தவருக்குப் பெயர் தங்கும், பெயரை மட்டும் உருப்போட்டவருக்குத் தேர்வு அறையில் லைசோசோமும் ரைபோசோமும் குழம்பும். இதை வகுப்பில் வருடா வருடம் பார்த்திருக்கிறேன். நகரத்துப் பயிற்சி மையத்துப் பிள்ளைகளிடம் இருக்கும் வழிகாட்டிப் புத்தகங்கள் உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். அவர்களில் மரவள்ளிச் செடியைத் தொட்டுப் பார்த்தவர் எத்தனை பேர்?

ஆசிரியரிடம் கேட்டு ஒரு கிழங்கை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். வெட்டிய பரப்பைச் சவரத் தகடால் மெல்லச் சுரண்டி, வரும் பாலை ஒரு துளித் தண்ணீரில் கலந்து கண்ணாடித் தகட்டில் வையுங்கள். அயோடின் கரைசல் ஒரு துளி. நுண்ணோக்கியில் நீலக் கருப்பாக மாவுமணிகள் தெரியும். பல உருண்டையாகவும், சில ஒரு பக்கம் வெட்டிவிட்டதுபோலத் தட்டையாகவும் இருக்கும். ஜவ்வரிசி ஆலை வாங்குவது இந்த மணிகளைத்தான். நுண்ணோக்கி பற்றாக்குறை என்றால், மனு பிரகாஷ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியை வாங்கித் தரப் பள்ளியைக் கேட்கலாம். மடித்துச் செய்யும் அட்டைதான், 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். சயனைடு சோதனை எதையும் மட்டும் நீங்களாகச் செய்ய வேண்டாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. விடையைப் பாடப்புத்தகத்தில் தேட வேண்டாம், மேலே சொன்னதே போதும். கிழங்கின் சதையைவிடத் தோலில் லினமரின் அதிகம். ஆனாலும் விவரம் தெரிந்தவர்கள் அந்தத் தோலைச் சிறு துண்டுகளாக்கி, பல நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு மாட்டுக்குப் போடுகிறார்கள். பச்சைத் தோலைப் போடுவதில்லை. காயும் அந்த நாட்களில் தோலின் வாக்குவோல் சவ்வுக்கு என்ன ஆகிறது, லினமரின் யாரைச் சந்திக்கிறது, உண்டானது எங்கே போகிறது, முழுசாகக் காயவைப்பதைவிடத் துண்டாக்கிக் காயவைப்பதால் என்ன கூடுகிறது என்பதைப் படம் வரைந்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எழுதியதை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள், வீட்டில் மாடு வளர்ப்பவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாவட்டத்து உயிரியல் ஆசிரியர் ஒருவர்